செய்தியாளர் கையில் உள்ள ஏ.ஐ. கருவி யாருடையது? பணம் போட்டது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, செய்தித் தளங்களைத் திறந்து படிப்பது. செய்தியின் மேலே நிருபரின் பெயர் இருக்கும். பத்திரிகையின் பெயர் இருக்கும். ஆனால் அந்தச் செய்தியைத் தயாரிக்கும்போது நிருபருக்கு உதவிய சாப்ட்வேர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. பேட்டியை எழுத்தாக மாற்றிக் கொடுத்தது எது? ஆயிரம் பக்க ஆவணத்தில் ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தது எது? "இந்த ஊரில் ஏதோ நடக்கிறது" என்று முதலில் மணி அடித்தது எது? இவை பலவும் இன்று ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ் எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். சுருக்கமாக ஏ.ஐ. கருவிகள்.

இந்தக் கருவிகளுக்குச் சொந்தக்காரர் யார், அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதனால் செய்தி படிக்கும் நமக்கு என்ன என்பதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம். இறுதியில், எந்த ஒரு கருவியின் சொந்தக்காரரையும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே கண்டுபிடிக்கும் வழி தரப்பட்டுள்ளது. இதே கருவிகளில் பலவற்றை நீங்களும் பயன்படுத்துகிறீர்கள் என்பதால் இந்த வழி உங்களுக்கும் பயன்படும்.

நிருபரின் மேஜையில் என்னென்ன?

முதலில் கருவிகளைப் பிரித்துப் பார்ப்போம். 

1. பேச்சை எழுத்தாக்குபவை: ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு டைப் செய்ய நிருபருக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். இந்தக் கருவிகள் சில நிமிடங்களில் முடித்துவிடும். விஸ்பர், ஆட்டர் போன்றவை இந்த வகை.

2. ஆவணங்களில் தேடுபவை: ஸ்கேன் செய்த தாள்கள், பி.டி.எப். பைல்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை மொத்தமாக ஏற்றித் தேட உதவுபவை. கூகுளின் பின்பாயின்ட், லாப நோக்கமற்ற டாக்குமென்ட்கிளவுட் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

3. முன்னறிவிப்பு தருபவை: சமூக வலைத் தளங்களில் வரும் பதிவுகளை நொடிக்கு நொடி அலசி, தீ விபத்து, குண்டு வெடிப்பு, ஊர்வலம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே எச்சரிக்கை அனுப்புபவை. டேட்டாமைனர் இந்த வகை.

4. எழுதுபவை: எண்களைக் கொடுத்தால் செய்தி எழுதித் தருபவை. அன்றைய வேர்ட்ஸ்மித் முதல் இன்றைய சாட்ஜிபிடி வரை.

5. சரிபார்ப்பவை: படம், வீடியோ உண்மையா என்று ஆராய உதவுபவை. இன்விட்-வீவெரிபை என்னும் பிரவுசர் பிளக்-இன் இதில் புகழ் பெற்றது.

மூன்று அடுக்குகள்

ஒரு ஓட்டலை நினைத்துக் கொள்ளுங்கள். ஓட்டல் நடத்துபவர் ஒருவர். மாவு அரைத்துக் கொடுப்பவர் இன்னொருவர். கட்டடத்தின் சொந்தக்காரர் மூன்றாமவர். சாப்பிடுபவர் பார்ப்பது வாசலில் உள்ள போர்டை மட்டும்தான்.

ஏ.ஐ. கருவியும் இப்படித்தான். மேல் அடுக்கில் இருப்பது நிருபர் திரையில் பார்க்கும் புரோகிராம். நடு அடுக்கில் இருப்பது மாடல். மனித மொழியை அலசிப் பதில் தருகிற மூளைப் பகுதி இது. கீழ் அடுக்கில் இருப்பவை மாடல் இயங்கும் பெரிய சர்வர் கூடங்கள். இவற்றைக் கிளவுட் என்கிறோம். மேல் அடுக்கில் நூற்றுக்கணக்கான சிறிய நிறுவனங்கள் இருக்கின்றன. நடு அடுக்கில் எண்ணிக்கை மிகவும் குறைகிறது. கீழ் அடுக்கில் அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் ஆகிய மூன்று பெயர்களே பெரும்பங்கைப் பிடித்துள்ளன. அதிலும் கீழ் அடுக்கில் இருப்பவர்களே நடு அடுக்கிலும் முதலீடு செய்திருக்கிறார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் மைக்ரோசாப்ட்டின் பணம் இருக்கிறது. கிளாட் என்னும் மாடலைத் தயாரிக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தில் அமேசான் பணமும் கூகுள் பணமும் இருக்கின்றன. அமேசான் 2024 நவம்பர் வரை அறிவித்த தொகை மட்டும் 800 கோடி டாலர்.

ஆகவே, "நாங்கள் ஒரு சின்ன நிறுவனத்தின் கருவியைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று ஒரு பத்திரிகை சொன்னாலும், கீழே இரண்டு அடுக்கு இறங்கினால் பெரும்பாலும் தெரிந்த பெயர் ஒன்றுதான் நிற்கும்.

சொந்தம் வேறு, நிதி வேறு

இந்த இரண்டையும் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். சொந்தக்காரர் என்றால் கருவியை மாற்றவும், விற்கவும், மூடவும் உரிமை உள்ளவர். நிதி தருபவர் மூன்று வகை. பங்கு வாங்கிப் பிறகு லாபம் எதிர்பார்ப்பவர் முதலீட்டாளர். திருப்பிக் கேட்காமல் தருபவர் மானியம் தருபவர். மாதச் சந்தா கட்டுபவர் வாடிக்கையாளர். ஒரே நிறுவனம் இந்த மூன்று வேடத்தையும் போடலாம். நடந்த சில நிகழ்ச்சிகளைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

நிகழ்ச்சி 1: வாடிக்கையாளரே முதலீட்டாளர்

அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ், சுருக்கமாக ஏ.பி., உலகின் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்று. கம்பெனிகளின் காலாண்டு லாப நட்டச் செய்திகளை அதன் நிருபர்கள் கையால் எழுதி வந்தார்கள். காலாண்டுக்குச் சுமார் 300 செய்திகள்தான் முடிந்தது. 2014ல் ஆட்டோமேட்டட் இன்சைட்ஸ் என்னும் நிறுவனத்தின் வேர்ட்ஸ்மித் புரோகிராமை இந்த வேலையில் இறக்கியது. எண்ணிக்கை 3,000க்கு மேல் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, ஆட்டோமேட்டட் இன்சைட்ஸ் நிறுவனத்தில் ஏ.பி.யே ஒரு முதலீட்டாளர். அடுத்த ஆண்டே, அதாவது 2015ல், விஸ்டா ஈக்விட்டி பார்ட்னர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் ஆட்டோமேட்டட் இன்சைட்ஸை வாங்கிவிட்டது. விஸ்டாவிடம் ஏற்கனவே ஸ்டாட்ஸ் என்னும் விளையாட்டுப் புள்ளிவிவர நிறுவனமும் இருந்தது. செய்தி எழுதும் இயந்திரமும், அந்த இயந்திரத்துக்குத் தீனியாகும் எண்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. படிக்கும் வாசகருக்கு எதுவும் மாறவில்லை. பின்னால் சொந்தக்காரர் மாறிவிட்டார்.

இதே வேலையைச் செய்த இன்னொரு புரோகிராம் குயில். சிகாகோவில் 2010ல் தொடங்கிய நேரட்டிவ் சயன்ஸ் நிறுவனம் தயாரித்தது. இதில் இன்-க்யூ-டெல் பணம் போட்டது. இன்-க்யூ-டெல் என்பது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. முதலியவற்றுக்குப் பயன்படும் தொழில்நுட்பங்களில் முதலீடு செய்வதற்காக ஏற்படுத்தப்பட்ட அமைப்பு. 2021ல் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் நேரட்டிவ் சயன்ஸை வாங்கித் தன் டாப்லோ பிரிவில் சேர்த்துக் கொண்டது. செய்தி எழுதப் பழகிய புரோகிராம் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதப் போய்விட்டது.

நிகழ்ச்சி 2: ஒரே எச்சரிக்கை, இரண்டு வாடிக்கையாளர்கள்

டேட்டாமைனர் 2009ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. டுவிட்டரில் (இன்று எக்ஸ்) உலகம் முழுவதும் வெளியாகும் பொதுப் பதிவுகள் அனைத்தையும் அப்போதைக்கப்போது பெறும் அரிய வசதி அதற்குக் கிடைத்தது. டுவிட்டர் நிறுவனமே அதில் சுமார் 5 சதவீதப் பங்கு வைத்திருந்தது. 2014ல் செய்தி நிறுவனங்களுக்கென்று தனிச் சேவை வந்தது. இன்று உலகின் பல பெரிய செய்தி அறைகளில் முதல் மணி அடிப்பது இதுதான்.

இங்கேயும் இன்-க்யூ-டெல் ஒரு முதலீட்டாளர். அமெரிக்க உளவு அமைப்புகளுக்கு டேட்டாமைனர் சேவை தரக் கூடாது என்று டுவிட்டர் தடுத்துவிட்டது என 2016ல் செய்தி வந்தது. ஆனால் காவல் துறைகளுக்குச் சேவை தொடர்ந்தது. 2020ல் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டதை எதிர்த்து அமெரிக்காவில் ஊர்வலங்கள் நடந்தபோது, அவை பற்றிய எச்சரிக்கைகளை டேட்டாமைனர் போலீசுக்கு அனுப்பியது என்று தி இன்டர்செப்ட் இதழ் ஆவணங்களுடன் எழுதியது. தாங்கள் யாரையும் கண்காணிக்கவில்லை, பொதுவில் உள்ள பதிவுகளைக் கொண்டு நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டுமே எச்சரிக்கை தருகிறோம் என்பது நிறுவனத்தின் விளக்கம்.

இதன் பொருள் என்ன? ஊர்வலத்தைப் பற்றி எழுதப் போகும் நிருபரும், ஊர்வலத்தில் போகிறவர்களைக் கவனிக்கும் போலீசும் ஒரே கருவியின் சந்தாதாரர்கள். நிருபர் கட்டும் சந்தா, அந்தக் கருவி வளர உதவுகிறது. நிருபர் தவறு செய்யவில்லை. ஆனால் அவர் கையில் உள்ள கருவி யார் யாருக்கு விற்கப்படுகிறது என்பதை அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். போலீசைப் பற்றியே ஒரு நாள் அவர் எழுத வேண்டியிருக்கும் அல்லவா?

நிகழ்ச்சி 3: இலவசமாகக் கொடுத்தவர் மூடினார்

கிரவுட்டேங்கிள் ஒரு ஏ.ஐ. கருவி அல்ல. இருந்தாலும் சொந்தக்காரர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பேஸ்புக்கில் எந்தப் பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று காட்டும் கருவி இது. 2016ல் பேஸ்புக் இதை வாங்கி, செய்தி நிறுவனங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. நிருபர்கள் மகிழ்ச்சியுடன் பயன்படுத்தினார்கள். பொய்ச் செய்திகள் பரவும் பாதையைக் கண்டுபிடித்தார்கள்.

2020ல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர், அன்றாடம் பேஸ்புக்கில் அதிகம் பரவும் பத்து இணைப்புகளை இந்தக் கருவி மூலமே பட்டியல் போட்டு வெளியிட்டார். பட்டியலில் வந்த பெயர்கள் பேஸ்புக்குக்குத் தர்மசங்கடமாக இருந்தன. பட்டியல் முழு உண்மையைக் காட்டவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 2021ல் கிரவுட்டேங்கிள் குழு கலைக்கப்பட்டு, ஊழியர்கள் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2022ல் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 14 அன்று கருவி மூடப்பட்டது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு அப்போது மூன்று மாதம் கூட இல்லை. மாற்றாக வந்த மெட்டா கன்டென்ட் லைப்ரரி, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகளின் ஆய்வாளர்களுக்கும் விண்ணப்பத்தின் பேரில் திறந்தது. லாப நோக்கில் நடக்கும் பத்திரிகைகளின் நிருபர்களுக்குப் பழைய வசதி திரும்பவில்லை.

நிருபர் விசாரித்தது பேஸ்புக்கை. விசாரிக்கப் பயன்பட்ட கருவியும் பேஸ்புக்குடையது. இந்த ஒரு வரியில் முழுப் பாடமும் அடங்கிவிடும்.

நிகழ்ச்சி 4: வழக்கு, ஒப்பந்தம், மானியம்

சாட்ஜிபிடியைத் தெரியாதவர் இன்று குறைவு. 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. இதைத் தயாரித்த ஓப்பன்ஏஐ, 2015ல் லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கியது. 2019ல் லாபம் பெறும் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் 100 கோடி டாலர் முதலீடு செய்தது. பின்னர் இதைப் போலப் பல மடங்கு சேர்த்தது. 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி மைக்ரோசாப்ட் பங்கு சுமார் 27 சதவீதம். ஓப்பன்ஏஐ பவுண்டேஷன் என்னும் லாப நோக்கமற்ற அமைப்பின் பங்கு சுமார் 26 சதவீதம். மீதி ஊழியர்களுக்கும் மற்ற முதலீட்டாளர்களுக்கும். பத்தே ஆண்டுகளில் "இது யாருடையது?" என்ற கேள்விக்கு விடை எத்தனை முறை மாறியுள்ளது பாருங்கள்.

இந்த நிறுவனத்துடன் பத்திரிகைகளின் உறவு மூன்று விதமாக உள்ளது.

ஒன்று, ஒப்பந்தம். 2023 ஜூலையில் ஏ.பி. தன் பழைய செய்திகளைப் பயன்படுத்த ஓப்பன்ஏஐ-க்கு உரிமம் கொடுத்தது. 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ஆக்சல் ஸ்பிரிங்கர், 2024 ஏப்ரலில் லண்டனின் பைனான்சியல் டைம்ஸ், 2024 மே மாதத்தில் நியூஸ் கார்ப் என்று வரிசை நீண்டது.

இரண்டு, வழக்கு. அனுமதியின்றித் தன் கட்டுரைகளை எடுத்து மாடலைப் பயிற்றுவித்ததாக 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், ஓப்பன்ஏஐ மீதும் மைக்ரோசாப்ட் மீதும் வழக்குப் போட்டது. இந்தியாவில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

மூன்று, மானியம். 2023ல் உள்ளூர்ச் செய்திகளுக்கு உதவும் அமெரிக்கன் ஜர்னலிசம் பிராஜெக்ட் அமைப்புக்கு ஓப்பன்ஏஐ 50 லட்சம் டாலர் பணமும், மேலும் 50 லட்சம் டாலர் மதிப்பு வரை கிரெடிட்டும் தருவதாக அறிவித்தது. 2024 அக்டோபரில் ஓப்பன்ஏஐ-யும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து லென்பெஸ்ட் இன்ஸ்டிடியூட் வழியாகப் பத்திரிகைகளுக்கு ஒரு கோடி டாலர் வரை உதவி அறிவித்தன. இதிலும் பாதி பணம், பாதி கிரெடிட். பிலடெல்பியா இன்குவைரர், சியாட்டில் டைம்ஸ் போன்றவை இதில் பயன் பெற்றன.

இந்தக் கிரெடிட் என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். இது வங்கியில் போடும் பணம் அல்ல. கடைக்காரர் தரும் கூப்பன் மாதிரி. அவர் கடையில்தான் பொருள் வாங்க முடியும். ஓப்பன்ஏஐ, மைக்ரோசாப்ட் தரும் கிரெடிட்டை அவர்களுடைய மாடலிலும் சர்வரிலும்தான் செலவழிக்க முடியும். ஓராண்டு, இரண்டாண்டு அதில் பழகி, செய்தி அறையின் வேலை முழுவதும் அந்த மாடலைச் சுற்றி அமைந்த பிறகு கூப்பன் தீர்ந்தால் என்ன ஆகும்? கையிலிருந்து பணம் கட்ட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

கூகுளின் வழி

இந்த வழியில் முதலில் நடந்தது கூகுள். ஐரோப்பாவில் பத்திரிகை அதிபர்களுடன் உரசல் இருந்த நேரத்தில், 2015ல் அங்கே டிஜிட்டல் நியூஸ் இனிஷியேட்டிவ் என்ற பெயரில் 15 கோடி யூரோ நிதியை அறிவித்தது. 2018ல் கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவ் வந்தது. மூன்றாண்டுகளுக்கு 30 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ் கல்லூரியில், செய்தியாளர்களுக்கு ஏ.ஐ. பற்றிப் பயிற்சி தரும் ஜர்னலிசம்ஏஐ என்னும் திட்டமும் இந்த நிதியின் ஆதரவில் வளர்ந்ததுதான். 2020ல் பின்பாயின்ட் வந்தது.

பின்பாயின்ட் நல்ல கருவி. பெரிய ஆவணக் குவியலை ஏற்றினால், ஆள், ஊர், நிறுவனம் என்று பெயர்களைத் தானே பிரித்துக் காட்டும். பணம் கேட்பதில்லை. ஆனால் ஆவணம் இருப்பது கூகுளின் சர்வரில். தேடலிலும் இணைய விளம்பரத்திலும் பத்திரிகைகள் போட்டி போட வேண்டியதும் இதே கூகுளோடுதான். கருவியும் கூகுளுடையது, அதைக் கற்றுத் தரும் பயிற்சிக்கு நிதியும் கூகுளுடையது என்றால், "வேறு கருவி உண்டா?" என்று கேட்கும் பழக்கம் குறைந்துவிடும்.

பொதுப் பணத்தில் வளர்ந்தவை

எல்லாக் கருவிகளும் பெரிய நிறுவனங்களுடையவை அல்ல. இன்விட்-வீவெரிபை பிளக்-இன், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதியில் உருவானது. பிரான்சின் ஏ.எப்.பி. செய்தி நிறுவனம் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. டாக்குமென்ட்கிளவுட், 2009ல் நைட் பவுண்டேஷன் அறக்கட்டளையின் மானியத்தில் தொடங்கி, 2018ல் மக்ராக் என்னும் லாப நோக்கமற்ற அமைப்புடன் இணைந்தது.

நம் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐபோர்பாரத் குழு, தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடலை உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டுள்ளது. இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனியின் அறக்கட்டளை 2022ல் இங்கே ஒரு மையம் அமைக்க 36 கோடி ரூபாய் கொடுத்தது. மத்திய அரசின் பாஷினி திட்டத்துடனும் இந்தக் குழுவுக்குத் தொடர்பு உண்டு. தமிழில் வேலை செய்யும் நிருபருக்கு இது பயன்படும். இங்கும் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று வெளிப்படையாகத் தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

மானியத்துக்கும் ஒரு குறை உண்டு. திட்டக் காலம் முடிந்தால் பணம் நிற்கும். புதிதாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். பொய்ச் செய்திகளைக் கண்டறியும் ஏ.ஐ. கருவிகளைத் தயாரிக்கும் பிரிட்டனின் புல் பேக்ட் அறக்கட்டளை, பல ஆண்டுகள் கூகுள் நிதி பெற்று, 2025ல் அந்த ஆதரவை இழந்தது. நன்கொடை தந்தவர்கள் யார், எவ்வளவு என்பதை இந்த அமைப்பு தன் தளத்திலேயே வெளியிடுவதால்தான் நமக்கு இது தெரிகிறது.

விஸ்பர் கதை வேறு மாதிரி. இதை ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் ஓப்பன் சோர்ஸ் முறையில் வெளியிட்டது. யாரும் டவுன்லோட் செய்து தங்கள் கம்ப்யூட்டரிலேயே இயக்கலாம். அப்போது ஒலிப்பதிவு வெளியே போகாது. ரகசியமாகத் தகவல் தந்தவரின் குரலைக் காப்பாற்ற வேண்டிய நிருபருக்கு இது பெரிய வசதி. நாளை ஓப்பன்ஏஐ மனம் மாறினாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைல் அங்கேயே இருக்கும். ஆனால் விஸ்பர் கற்றுக் கொண்ட 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகள் எவை என்ற பட்டியலை நிறுவனம் வெளியிடவில்லை. பேசாத சொற்களையும் சில நேரம் இது எழுதிவிடுகிறது என்று 2024ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே திறந்த கருவியானாலும் ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

எந்தக் கருவியானாலும் கீழே உள்ளபடி செய்து பார்க்கவும். அரை மணி நேரம் போதும்.

1. கருவியின் தளத்தைத் திறந்து, பக்கத்தின் கடைசி வரை செல்லவும். காப்பிரைட் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். கருவியின் பெயருக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், சொந்தக்காரர் அவர்தான்.

2. அருகிலேயே அபவுட் என்னும் இணைப்பு இருக்கும். அதில் கிளிக் செய்து, தொடங்கியவர் யார், முதலீட்டாளர்கள் யார் என்று பார்க்கவும். இந்தப் பக்கமே இல்லை என்றால் அதையும் குறித்துக் கொள்ளவும்.

3. பிரைவசி பாலிசி பக்கத்தைத் திறக்கவும். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப் கீயைத் தட்டினால் தேடும் கட்டம் வரும். அதில் டிரெய்ன், ஷேர், தேர்ட் பார்ட்டி ஆகிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடவும். நீங்கள் தரும் பைல்கள் மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா, யாருக்குத் தரப்படும் என்பது தெரியும்.

4. சப்-பிராசசர் என்ற சொல்லையும் தேடவும். சில நிறுவனங்கள், தாங்கள் பயன்படுத்தும் மாடல், கிளவுட் நிறுவனங்களின் பட்டியலை இந்தத் தலைப்பில் தருகின்றன. மேலே சொன்ன நடு அடுக்கும் கீழ் அடுக்கும் இங்கே வெளியே வரும்.

5. கூகுள் அல்லது வேறு தேடல் தளத்தில் கருவியின் பெயருடன் பண்டிங், அக்வயர்டு ஆகிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடவும். முதலீடு, விற்பனை பற்றிய செய்திகள் கிடைக்கும். கிரஞ்ச்பேஸ் தளத்திலும் முதலீட்டாளர் பட்டியல் பார்க்கலாம்.

6. அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமானால் அரசின் எட்கர் தளத்தில் ஆண்டறிக்கை இலவசம். பிரிட்டிஷ் நிறுவனமானால் கம்பெனீஸ் ஹவுஸ் தளம். அமெரிக்க லாப நோக்கமற்ற அமைப்பானால், புரோபப்ளிகா இதழின் நான்பிராபிட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் வரவு செலவுக் கணக்கு கிடைக்கும்.

7. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் கருவியின் முகவரியைக் கொடுத்து, இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பக்கத்தைப் பார்க்கவும். அன்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றா என்று ஒப்பிடலாம்.

கண்டுபிடித்ததை ஒரு தாளில் நான்கு கேள்விகளாக எழுதிக் கொள்ளவும். இது யாருடையது? யார் பணத்தில் ஓடுகிறது? நான் தருவது எங்கே போகிறது? நாளை இது நின்றால் என் பைல்களை வெளியே எடுக்க முடியுமா?

வீட்டில் இருப்பவருக்கு இது எதற்கு?

பணக்கார நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தினால் செய்தி பொய்யாகிவிடும் என்று இங்கே சொல்லவில்லை. அப்படி முடிவு கட்டுவது தவறு. ஏ.பி.யின் லாப நட்டச் செய்திகள், இயந்திரம் எழுதியதாலேயே பொய்யாகிவிடவில்லை. டாக்குமென்ட்கிளவுட் மானியத்தில் ஓடுவதாலேயே அதில் உள்ள ஆவணங்கள் உண்மையாகிவிடுவதும் இல்லை. சொந்தக்காரர் ஒரு செய்தியின் வரியை மாற்றுவதைவிட, கருவியை மூடுவது, விலையை ஏற்றுவது, வேறு ஆளுக்கும் விற்பது ஆகியவைதான் இதுவரை நடந்துள்ளன. இவை நடந்தால் சில செய்திகள் எழுதப்படாமலே போகலாம். எழுதப்படாத செய்தியை வாசகர் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஏ.ஐ. நிறுவனங்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, அந்தப் பத்திரிகைக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தமோ வழக்கோ மானியமோ இருந்தால், செய்தியிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல பத்திரிகைகள் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த வரி இருந்தால் அந்தப் பத்திரிகை மீது மதிப்பு கூடலாம். இல்லை என்றால் ஆசிரியருக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேட்கலாம்.

உங்கள் சொந்த உபயோகத்திலும் கவனம் தேவை. வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை, குடும்பச் சண்டை எதையும் இலவசக் கருவியில் ஒட்டுவதற்கு முன் மேலே உள்ள நான்கு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளவும். சாட்ஜிபிடி பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸ் பிரிவில் டேட்டா கண்ட்ரோல்ஸ் சென்று, இம்ப்ரூவ் த மாடல் பார் எவ்ரிஒன் என்பதை ஆப் செய்திடலாம். அதன் பிறகு நீங்கள் டைப் செய்பவை மாடலுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்தப்பட மாட்டா.

பயிற்சி

1. நீங்கள் இந்த வாரம் பயன்படுத்திய இலவசச் சேவைகளில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மொழிபெயர்ப்பு, ஒன்று பேச்சை எழுத்தாக்குவது, ஒன்று எழுதித் தருவது என்று இருந்தால் நல்லது.

2. மேலே சொன்ன ஏழு படிகளைச் செய்து, மூன்று அடுக்குகளிலும் உள்ள பெயர்களை எழுதுங்கள்.

3. மூன்று சேவைகளின் கீழ் அடுக்கிலும் ஒரே பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வியப்படைய வேண்டாம். 

4. நீங்கள் வழக்கமாகப் படிக்கும் செய்தித் தளத்தில், ஏ.ஐ. பயன்பாடு பற்றிய கொள்கை அறிவிப்பு உள்ளதா என்று தேடுங்கள். இருந்தால், கருவிகளின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர் எந்தக் கம்பெனி, ஹார்ட் டிஸ்க் எந்தக் கம்பெனி, கேரண்டி எத்தனை ஆண்டு என்று கடைக்காரரைக் கேட்டுத்தானே வாங்கினீர்கள்? செய்தியைத் தயாரிக்கும் கருவிக்கும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.